இருபத்து நான்கு கதைகளும் ஆறு நிறச் சீட்டுகளும்: ஒரு கதைப்பெட்டியை வகுப்பில் வைத்துப் பார்த்தபோது

கடந்த கோடை விடுமுறையின் இறுதியில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையின் கூறுகளைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு கதைப்பெட்டியை, அஞ்சல் செலவு உட்பட 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான் தென் மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் அமர்ந்திருக்கின்றன. மொத்தம் 31 பிள்ளைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று இந்தப் பெட்டியைப் பயன்படுத்தினேன். சொந்தப் பணத்தில் வாங்கியது என்பதால் ஒவ்வொரு சீட்டையும் சற்றுக் கறாராகவே எடைபோட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயாரித்தவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே அமைப்பில் வேறு சில பெட்டிகளும் விற்பனைக்கு உள்ளன. சக ஆசிரியர்களிடம் வாங்கிப் புரட்டிப் பார்த்த வரையில், இங்கே சொல்லும் நிறையும் குறையும் ஏறக்குறைய அவற்றுக்கும் பொருந்துகின்றன.

பெட்டிக்குள் இருப்பவை இவை: நான்கு பக்கமாக மடிக்கப்பட்ட 24 கதைத் தாள்கள், 120 நிறச் சீட்டுகள், ஒரு சுவர்ப்படம், 48 பக்கக் கையேடு, பிள்ளைகள் தாங்களே எழுதுவதற்கு வெற்றுத் தாள்கள் நான்கு. நிறச் சீட்டுகளில் மஞ்சள் கதைமாந்தருக்கும், பச்சை இடத்துக்கும், நீலம் காலத்துக்கும், சிவப்பு சிக்கலுக்கும், ஆரஞ்சு தீர்வுக்கும், ஊதா நீதிக்கும் உரியவை. ஒரு கதையை வாசித்த பிறகு அதற்குரிய ஆறு சீட்டுகளையும் பிள்ளைகள் தேடி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும் என்பதே கையேடு சொல்லும் அடிப்படைப் பயிற்சி. அதைக் கையேட்டில் சொல்லியிருக்கிறபடியே செய்தால் இரண்டாவது வாரத்திலேயே அலுத்துவிடும். எங்கள் வகுப்பிலும் அலுத்தது. சீட்டுகளைச் சரியாக அடுக்கிய குழு கையைக் கட்டிக்கொண்டு அடுத்த குழுவை வேடிக்கை பார்த்தது. அடுக்கத் தெரியாத குழு நிறத்தை மட்டும் பார்த்து எதையோ எடுத்து வைத்தது. நான் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில்தான், கதைத் தாள்களின் பின்புறம் மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த எண்களைக் கவனித்தேன்.

அவை நாட்டுப்புறக் கதை வகை எண்கள். பின்லாந்து அறிஞர் ஆன்ட்டி ஆர்னே 1910இல் தொடங்கி வைத்து, அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் விரித்து, 2004இல் ஜெர்மானியரான ஹான்ஸ்-யோர்க் உத்தர் திருத்தி அமைத்த பட்டியலின்படி, உலகின் எந்த மூலையில் சொல்லப்பட்டாலும் ஒரே எலும்புக்கூட்டைக் கொண்ட கதைகளுக்கு ஒரே எண் தரப்படுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கிறது, அதுவும் பின்னிணைப்பில். ஆனால் 24 கதைகளில் நான்கின் மூலையில் 91 என்ற எண் இருந்தது. பிள்ளைகளிடம் இதை நகரப் பேருந்தின் தட எண் என்று சொன்னேன்: வண்டி வேறு, ஓட்டுநர் வேறு, ஏறி இறங்கும் ஆட்கள் வேறு, போகிற பாதை மட்டும் ஒன்று. அடுத்த நிமிடத்தில் 31 பேரும் 91ஆம் எண் வண்டிகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நான்கில் ஒன்று நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்த குரங்கும் முதலையும். நாவல் மரத்துக் குரங்கு பழம் பறித்துப் போடும். முதலையின் மனைவி, இத்தனை இனிப்பான பழத்தைத் தினமும் தின்பவனின் இதயம் எவ்வளவு இனிக்கும் என்று கேட்பாள். நடு ஆற்றில் உண்மை தெரிந்ததும், இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே என்று குரங்கு சொல்லும். பஞ்சதந்திரத்தின் நான்காம் பகுதிக்கு இதுவே சட்டகக் கதை, அதாவது மற்றக் கதைகளைத் தனக்குள் வைத்துச் சொல்லும் வெளிக்கதை. பௌத்த ஜாதகக் கதைகளிலும் இது இருக்கிறது. இரண்டாவது, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக் கதை. அங்கே முதலையின் இடத்தில் சுறா வருகிறது, சுறாக்களின் சுல்தானுக்கு நோய். மூன்றாவது கொரியக் கதை. ஆமை ஒன்று, கடலடி அரசனின் நோய்க்கு மருந்தாக முயலின் ஈரலைத் தேடிக் கரைக்கு வருகிறது. நான்காவது ஜப்பானுடையது, அதில் மீண்டும் குரங்கு, மீண்டும் ஈரல், ஆனால் இரகசியத்தைக் குரங்கிடம் உளறிவிட்ட ஜெல்லி மீன், கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்களே அது, அடி வாங்கி அன்றிலிருந்து எலும்பில்லாமல் போகிறது.

கரும்பலகையை நான்கு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு கதைக்கும் உரிய சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டச் சொன்னேன். ஒட்டி முடித்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரிசைப் பையன் ஒருவன், வழக்கமாக வாய் திறக்காதவன், எழுந்து நின்று, “டீச்சர், ஆரஞ்சு நாலும் ஒண்ணுதான். மத்ததெல்லாம் மாறுது” என்றான். இந்தப் பெட்டி 1,850 ரூபாய் பெறும் என்று நான் முதன்முதலாக எண்ணியது அந்தக் கணத்தில்தான். தீர்வு என்ற சொல்லின் பொருளை வாய்ப்பாடாக ஒப்பிக்கச் செய்வது எளிது. ஆனால் நான்கு நாட்டுக் கதைசொல்லிகள் மற்ற எல்லாவற்றையும் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டு, தொட மனமில்லாமல் விட்டுவைத்த ஒரே பகுதி அதுதான் என்று ஒரு பத்து வயதுப் பையன் தன் கண்ணால் கண்டுகொள்வது வேறு. கதையின் கூறுகளைக் கற்பிக்க ஏன் ஒரே நாட்டின் கதைகள் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. ஒரு கதையை மட்டும் வைத்துக்கொண்டு எது அசையும், எது அசையாது என்று பார்க்க முடியாது.

விவாதம் அதோடு நிற்கவில்லை. மஞ்சள் வரிசையில் முதலையையும் ஆமையையும் கையேடு ஒரே தலைப்பின்கீழ், தீயவர் என்று வைத்திருந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை ஏற்கவில்லை. முதலை தன்னோடு பழகிய நண்பனை ஏமாற்றுகிறது; ஆமையோ முன்பின் தெரியாத ஒரு முயலை, அரசன் இட்ட வேலைக்காக ஏமாற்றுகிறது. “ஃபிரண்டு ஏமாத்துறதும் ஆபீசர் ஏமாத்துறதும் ஒண்ணா டீச்சர்?” என்று அவள் கேட்டாள். கொரியாவில் அந்த ஆமையை அரசனுக்கு உண்மையாக உழைத்த ஊழியனாகவே பார்த்திருக்கிறார்கள் என்பது கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. 1145இல் தொகுக்கப்பட்ட சாம்குக் சாகி என்ற கொரிய வரலாற்று நூலில், பகை நாட்டில் சிறைப்பட்ட கிம் சுன்-சு என்ற சில்லா நாட்டுத் தூதருக்கு அங்குள்ள ஒருவர் இந்த முயல் கதையைக் குறிப்பாகச் சொல்ல, அவரும் முயலைப் போலவே ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுத் தப்பி ஊர் திரும்பியதாக வருகிறது. இதை நான் சொன்னபோது வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். இவ்வளவு நல்ல செய்தியைக் கையேட்டில் சேர்க்காமல், அதே பக்கத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை அச்சிட்டிருக்கிறார்கள்.

சான்சிபார் கதையில் செய்திருக்கும் வெட்டும் வருத்தத்துக்குரியது. கரை சேர்ந்த குரங்கு, தன்னை மீண்டும் அழைக்கும் சுறாவிடம், சலவைக்காரனின் கழுதையைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லும்: இதயமும் காதும் இருந்திருந்தால் அந்தக் கழுதை சிங்கத்திடம் இரண்டாம் முறை வந்திருக்காது என்பது அதன் முடிவு. வியப்பு என்னவென்றால், பஞ்சதந்திரத்தின் அதே நான்காம் பகுதியிலும் இந்தக் கழுதைக் கதை இருக்கிறது. இரண்டு கதைகளும் பிரியாமல் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன. பெட்டியில் உள்ள தாளில் குரங்கு மரமேறியதும் கதை முடிந்துவிடுகிறது. கதைக்குள் கதை என்பது நம் பிள்ளைகளுக்கு விக்கிரமாதித்தன் காலத்திலிருந்து பழக்கமான அமைப்பு. அதை ஒரு கூறாக எடுத்துக் காட்டக் கிடைத்த நல்ல வாய்ப்பு, நான்கு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்ற அச்சகக் கணக்கில் போய்விட்டது.

இனி மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கோபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 24 கதைகளில் 19 கதைகள் “முன்னொரு காலத்தில்” என்று தொடங்குகின்றன. எண்ணிப் பார்த்தேன். காலம் என்ற நீலச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாக் கதைக்கும் ஒரே காலத்தை எழுதி வைத்தால் பிள்ளைகள் எதை அடுக்குவார்கள்? உண்மையில், நாட்டுப்புறக் கதைகளில் காலத்தைக் காட்டுவது அந்தத் தொடக்க வாய்பாடுதான். ஊருக்கு ஊர் அது வேறுபடுகிறது. கொரியாவில் “புலி புகை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்” என்று தொடங்குவார்கள். கானாவின் அக்கான் மக்களிடம், நாங்கள் சொல்லப்போவதை உண்மையென்று சொல்லவில்லை, சொல்லவே இல்லை என்ற பொருளில் ஒரு தொடக்கம் இருக்கிறது. ஆர்மீனியர்கள் கதையை முடிக்கும்போது வானத்திலிருந்து மூன்று ஆப்பிள்களை விழச் செய்து, சொன்னவருக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று என்று பங்கிடுவார்கள். பெட்டியில் கொரியக் கதையும் அக்கான் கதையும் ஆர்மீனியக் கதையும் இருக்கின்றன. புலியும் இல்லை, மறுப்பும் இல்லை, ஆப்பிளும் இல்லை.

இதில் துருக்கிக் கதைக்கு நேர்ந்ததுதான் மிகவும் உறுத்தியது. அங்கே கதை தொடங்கும் முறை, ஏறக்குறைய “இருந்ததாம், இல்லாமலும் இருந்ததாம்” என்பதாகும். துருக்கி மொழியில் தான் நேரில் காணாத, பிறர் சொல்லக் கேட்ட செய்தியைச் சொல்வதற்கென்று ஒரு வினை விகுதி இருக்கிறது. கதைகள் அந்த விகுதியில்தான் சொல்லப்படுகின்றன. உலகில் எல்லா மொழிகளுக்கும் இந்த வசதி இல்லை. நமக்கு இருக்கிறது. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்’ என்று நம் பாட்டிகள் சொல்லும் அந்த ‘ஆம்’ செய்வதும் இதே வேலைதான். ஆகவே துருக்கிக் கதையைத் தமிழில் சொல்வது, ஆங்கிலத்தில் சொல்வதைவிட எளிதாகவும் இயல்பாகவும் அமைந்திருக்க வேண்டும். ஆனால் தாளில் “முன்னொரு காலத்தில் கெலோலான் என்ற வழுக்கைத் தலைச் சிறுவன் வாழ்ந்து வந்தான்” என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலப் பிரதியைப் பார்த்தாரே தவிர, தன் பாட்டியை நினைக்கவில்லை என்று தோன்றுகிறது. நான் அந்தத் தாளை முழுவதும் ‘ஆம்’ போட்டு வாசித்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்களை அறியாமல் ‘உம்’ கொட்டத் தொடங்கினார்கள். ஒரு பருவம் முழுவதிலும் வேறெந்தத் தாளுக்கும் அவர்கள் அப்படி உம் கொட்டியதில்லை.

இடத்துக்குரிய பச்சைச் சீட்டுகள் படமாகப் பார்க்க அழகானவை. காடு, அரண்மனை, கடல், பாலைவனம், பனிமலை என்று ஓவியர் நன்றாகவே வரைந்திருக்கிறார். ஆனால் கையேடு இடத்தை மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையைப் போல நடத்துகிறது: “கதை எங்கே நடக்கிறது? படத்தைக் காட்டு.” அதற்கு மேல் கேள்வி இல்லை. அகப்பாடல்களுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியம், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னால் வைத்தது. மரமும் பறவையும் தொழிலும் தெய்வமும் அதன்பின் கருப்பொருளாக வந்தன. பிரிவும் இருத்தலும் இரங்கலும் அந்த நிலத்தோடு இயைந்த உரிப்பொருளாயின. அது பாட்டுக்கான இலக்கணம், நாட்டுப்புறக் கதைக்கானது அன்று; ஆனாலும் இடம் என்பது கதையில் ஏதோ ஒன்றைச் செய்கிறது என்ற எண்ணம் இந்த மொழியில் பாடம் தயாரிக்கிறவர்களுக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் வேறு ஒரு பயிற்சி செய்தேன். 302 என்ற எண்ணுள்ள ரஷ்யக் கதையில், சாகாத கஷ்செய் என்பவனின் சாவு ஓர் ஊசி முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் இரும்புப் பெட்டிக்குள், பெட்டி புயான் தீவில் ஓர் ஓக் மரத்தடியில். வாசித்து முடிப்பதற்குள், இது ஏழு கடல் ஏழு மலை தாண்டி கிளிக்குள் ராட்சசன் உயிர் இருக்கிற கதைதானே என்று பாதி வகுப்பு கூவிவிட்டது. ஒரு பச்சைச் சீட்டை எடுத்துவிட்டு, ஓக் மரத்துக்குப் பதிலாக நம் ஊர் ஆலமரத்தை வைக்கச் சொன்னேன், கதை ஓடியது. தீவுக்குப் பதிலாக நம் ஊர்க் கண்மாயை வைக்கச் சொன்னேன். சற்று நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு குழுவின் தலைவி எழுந்து, “கம்மாயில வெச்சா ராஜகுமாரன் காலையில போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துருவான் டீச்சர், கதை ஓடாது” என்றாள். மரத்தை மாற்றலாம், தூரத்தை மாற்றக்கூடாது. இந்தக் கதையில் தூரம்தான் சிக்கல். பச்சைச் சீட்டும் சிவப்புச் சீட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. இத்தகைய பயிற்சி எதுவும் கையேட்டில் இல்லை என்பதையும், ஆனால் சீட்டுகள் இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்வது கடினம் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

கதைமாந்தரைப் பொறுத்தவரை பெட்டி மிகவும் தடுமாறுவது அனான்சியிடம். அக்கான் மக்களின் சிலந்தியான குவாக்கு அனான்சி, உலகின் கதைகளையெல்லாம் வைத்திருக்கும் வானக் கடவுள் நியாமேயிடம் அவற்றை விலைக்குக் கேட்கிறான். விலையாக மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் பிடித்துவர வேண்டியிருக்கிறது. குளவிகளின்மேல் தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டது, நனையாமல் இந்தச் சுரைக்குடுவைக்குள் வாருங்கள் என்று அழைத்து மூடிவிடும் இடத்தை எங்கள் பிள்ளைகள் நான்கு முறை நடித்துப் பார்த்தார்கள். ஆனால் சீட்டை எடுக்கும்போது சிக்கல் வந்தது. மஞ்சளில் நல்லவர், தீயவர், உதவுபவர் என்று மூன்றே வகை. அனான்சி பொய் சொல்கிறான், ஏமாற்றுகிறான், ஆனால் கதை அவன் பக்கம் நிற்கிறது. தெனாலிராமனுக்கும் இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக் கதைகளை ஆராய்ந்து, கதைமாந்தரை அவர்கள் செய்யும் செயலை வைத்து ஏழு வகையாகப் பிரித்ததைக் கையேடு அரைப்பக்கம் விளக்கிவிட்டு, சீட்டில் மூன்றாகச் சுருக்கிவிட்டது. நாங்கள் ஒரு வெற்றுச் சீட்டில் ‘எத்தன்’ என்று எழுதி அந்த வகையைச் சேர்த்துக்கொண்டோம்.

அந்தக் கதைத் தாளின் தலைப்பில் “ஆப்பிரிக்கா” என்று மட்டும் அச்சாகியிருப்பதும் சரியன்று. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தவர்கள் கானாவையும் சான்சிபாரையும் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறார்கள். அனான்சி அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட மனிதர்களோடு கடல் கடந்து ஜமைக்காவிலும் சூரினாமிலும் இன்றும் கதைகளில் வாழ்கிறான். ஒரு சிறிய உலகப் படம் பெட்டியில் இருந்திருந்தால் இதையெல்லாம் விரலால் தொட்டுக் காட்டியிருக்கலாம். சுவர்ப்படத்துக்குச் செலவழித்த காகிதத்தில் அதைச் செய்திருக்கலாம்.

சுவர்ப்படத்தில் இருப்பது ஒரு மலை: ஏற்றம், உச்சி, இறக்கம். குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்க வரைந்த முக்கோணத்தின் பேரப்பிள்ளை இது. பல கதைகளுக்குப் பொருந்துகிறது. சங்கிலிக் கதைகளுக்குப் பொருந்தவில்லை. பெட்டியில் உள்ள ரஷ்யக் கதையில் தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, எலி என்று ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து ஒரு பெரிய டர்னிப் கிழங்கை இழுக்கிறார்கள். தமிழில் அதை முள்ளங்கி என்று போட்டிருப்பதால், தோட்டத்து வேலை தெரிந்த பிள்ளைகள், ஒரு முள்ளங்கியைப் பிடுங்க இத்தனை பேரா என்று சிரித்தார்கள். உச்சி எங்கே என்று கேட்டபோது ஒருவர்கூட மலையின் நுனியைக் காட்டவில்லை. தன் பெயரை மறந்துபோய்க் கொழு கொழு கன்றிடம் தொடங்கிக் குதிரை வரை கேட்டுக்கொண்டே போகும் நம் ஈயின் கதையை எடுத்துக்கொண்டால், அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டே போகிறது. பிள்ளைகள் மலைப் படத்தின் பின்பக்கத்தில் ஒரு ரயிலை வரைந்துகொண்டார்கள். அதுவே இப்போது சுவரில் தொங்குகிறது.

ஊதா நிறச் சீட்டுகளைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். கையேட்டின் முன்னுரை, 2010இல் வெளியான அமெரிக்கப் பொதுப் பாடத்தரத்தைத் தழுவி இந்தப் பெட்டி அமைக்கப்பட்டதாகச் சொல்கிறது. அந்தத் தரத்தில் மூன்றாம் வகுப்புக்கு, பல பண்பாடுகளைச் சேர்ந்த நாட்டுப்புறக் கதைகளை மீண்டும் சொல்வதும், அவற்றின் மையச் செய்தியை அல்லது நீதியைக் கண்டறிவதும், அது கதையின் விவரங்கள் வழியாக எப்படி வெளிப்படுகிறது என்று விளக்குவதும் குறிப்பிடப்பட்டுள்ளன. பெட்டி நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசியில் உள்ளதை விட்டுவிட்டது. உலகின் அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, அதை வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேற முடியாமல் திணறும் அனான்சியைப் பார்த்து, பானையை முதுகில் கட்டிக்கொள்ளலாமே என்று அவன் மகன் சொல்ல, தன்னிடம் இல்லாத அறிவு இன்னும் வெளியே இருக்கிறதே என்ற எரிச்சலில் அவன் பானையைக் கீழே போட்டு உடைக்கிறான். இதற்கு ஊதாச் சீட்டில் அச்சிட்டிருப்பது “பேராசை பெருநஷ்டம்”. ஒரு சிறுவன் அதைத் திருப்பி வைத்துவிட்டு, “அப்பாவுக்கும் புத்தி சொல்லலாம்” என்று எழுதினான். கதையின் எந்த வரியிலிருந்து அப்படி எழுதினாய் என்று கேட்டபோது, மகன் பேசும் வரியைத் தொட்டுக் காட்டினான். அதற்குப் பின் ஊதாச் சீட்டுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

பொருளின் தரம் சுமார்தான். பெட்டியின் இரண்டு மூலைகள் ஆறாவது வாரத்தில் கிழிந்தன. சீட்டுகளின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை ஓரங்களில் உரிந்து வருகிறது. கதைத் தாளின் எழுத்து ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் போதும்; வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்ட முடியாது. ஓவியங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக வாங்க நினைப்பவர்களுக்கு இந்த விலை அதிகம் என்றே சொல்வேன். சீட்டுகளைச் சுற்றி அமர்ந்து சண்டை போட ஆள் இல்லாவிட்டால் இதில் பாதி சுவை இல்லை. கதைகள் மட்டும் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. பள்ளிக்கு வாங்குவதானால், இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். வாங்கியவர்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் தொடங்காமல், தாள்களின் மூலையில் உள்ள எண்களைப் பார்த்து 91, 302 ஆகிய இரண்டையும் முதலில் எடுங்கள். 510ஏ என்ற எண்ணில் சிண்ட்ரெல்லாவும், சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட யே சியன் கதையும் இருக்கின்றன. தேவதைக்குப் பதிலாக மீன் எலும்பு வரம் தரும் அந்தக் கதையை நான் இந்தப் பருவத்தில் தொடவில்லை, அடுத்த பருவத்துக்கு வைத்திருக்கிறேன்.

வெற்றுத் தாள்கள் நான்கில் மூன்றைப் பிள்ளைகள் நிரப்பிவிட்டார்கள். அவற்றில் ஒன்று, நான்காம் வகுப்புச் சிறுமி தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்த, வாலில் முள் குத்திய குரங்கின் கதை. முள்ளை எடுக்கப் போன நாவிதர் வாலை அறுத்துவிட, வாலுக்குப் பதில் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போகும் குரங்கு, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, கடைசியில் மேளத்தை வாங்கி, “வால் போச்சு, கத்தி வந்தது, டும் டும் டும்” என்று அடித்துப் பாடும். பெட்டியின் விதிப்படி ஒரு கதைக்கு ஒரு சிவப்புச் சீட்டுதான். அவள் ஐந்து ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு சிவப்புக்குக் கீழும் ஓர் ஆரஞ்சு, அந்த ஆரஞ்சே அடுத்த சிவப்புக்கு வழிவிடுகிறது. அதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது மற்ற கதைகளுக்குச் சிவப்புச் சீட்டு போதவில்லை. தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுத் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பழைய நாட்காட்டி அட்டையைச் சீட்டளவுக்கு வெட்டி, மெழுகு வண்ணக்கட்டியால் சிவப்பு தீட்டிக்கொண்டிருக்கிறோம்.